ஹெட்டர் கேஜ் 8 கிலோ, பேனல் 8.19 கிலோ: பிரஷர் டிரான்ஸ்மிட்டரில் எங்கே கோளாறு?

அம்பை_ஸ்டீம்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மாடர்ன் ரைஸ் மில். உமி எரிக்கிற பாய்லர், ஒர்க்கிங் பிரஷர் 10.54 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு, கீழ வர்ற கிலோ எல்லாம் இதேதான்). நெல் அவிக்கவும் டிரையருக்கும் ஸ்டீம் போகுது. மெயின் ஹெட்டர்ல (ஸ்டீமைப் பிரிச்சு அனுப்புற பெரிய குழாய்) இருந்த பழைய டிரான்ஸ்மிட்டர் (பிரஷரைக் கரண்ட் சிக்னலா மாத்தி அனுப்புறது) போயிட்டு, புதுசு மாட்டியிருக்காவ.

0-16 பார் சென்சார், கேஜ் டைப், டூ ஒயர், 4-20 மில்லிஆம்ப், அரை இஞ்ச் என்பிடி மரை. டிஸ்ப்ளேயும் மூணு பட்டனும் உண்டு. ஹார்ட் கம்யூனிகேட்டர் (டிரான்ஸ்மிட்டரை செட் பண்ணுற கைக்கருவி) கையில இல்லை. பிஎல்சில (பேனல்ல உள்ள கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) 4-20ஐ 0-16 கிலோன்னு ஸ்கேல் பண்ணியிருக்கு. ஹெட்டர்ல டேப்பிங் (பிரஷர் எடுக்கிற துளை), ஐசொலேஷன் வால்வு, சைபன் (தண்ணி தேங்கி ஸ்டீமைத் தடுக்கிற வளைவுக் குழாய்), அங்கன இருந்து அரை இஞ்ச் எஸ்எஸ் டியூப் கீழ இறங்கி, ஆளு நிக்கிற உயரத்துல டிரான்ஸ்மிட்டர். ஏணி போட்டு ஏறாம பார்க்கணும்னு அப்படி வச்சிருக்காவ. டேப்பிங்குக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் 3.5 மீட்டர் உயர வித்தியாசம். ஹெட்டர் மேலயே டேப்பிங் மட்டத்துல ஒரு டயல் கேஜ் இருக்கு.

கேஜ் 0 (பாய்லர் ஆறி, ஹெட்டர் வென்ட் திறந்த பிறகு): பேனல் 0.34
கேஜ் 4: பேனல் 4.27
கேஜ் 8: பேனல் 8.19

மாட்டுறதுக்கு முந்தி பெஞ்சுல திறந்து வச்சுப் பார்த்தப்போ சரியா 4.00 மில்லிஆம்ப் இருந்துச்சு. சப்ளையர் "கேலிபிரேட் பண்ணித்தான் அனுப்பினோம்"னு சொல்லுதாரு. ஆபரேட்டர் "8-லதானே ஓட்டுதோம், பிஎல்சில 0.19 கழிச்சு விட்டா சோலி முடிஞ்சுது"ங்காரு. கழிச்சு விடலாமா, இல்ல டிரான்ஸ்மிட்டரை மாத்தணுமா? இன்னொண்ணு, உமி ஃபீடர் டிரைவ் (மோட்டார் வேகத்தை மாத்துற பெட்டி) ஓடும்போது ரீடிங் 0.1 அளவுக்கு ஆடுது. பிசானம் அறுப்பு ஆரம்பிச்சிட்டா மில்லை நிறுத்த விடமாட்டாவ. அதுக்குள்ள சரி பண்ணணும்.

லூப்செக்_கங்கைகொண்டான்

மாத்தவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம் தம்பி. மூணு ரீடிங் கொடுத்தது நல்லதாப் போச்சு. 8 கிலோ ஒண்ணை மட்டும் சொல்லியிருந்தா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.

வித்தியாசத்தை மட்டும் எடுத்துப் பாருங்க: 0.34, 0.27, 0.19. பிரஷர் ஏற ஏறக் குறையுது. எல்லா இடத்துலயும் ஒரே அளவு கூடுதலா இருந்தா ஜீரோ கோளாறு, இல்லைன்னா தண்ணி உயரம். பூஜ்யத்துல சரியா இருந்து ஏற ஏற விலகினா ஸ்பான் (பூஜ்யத்துல இருந்து உச்சம் வரைக்குமான அளவு) கோளாறு, இல்லைன்னா யூனிட். உங்களுக்கு ரெண்டும் சேர்ந்திருக்கு, அதுவும் ஒண்ணுக்கொண்ணு எதிர்த்திசையில. ஒரு தப்பு இன்னொரு தப்பைப் பாதி மறைக்குது.

முதல் தப்பு தண்ணி. ஸ்டீம் லைன்ல சைபனுக்குக் கீழ உள்ள டியூப் முழுக்கக் கண்டன்சேட் (ஸ்டீம் ஆறின தண்ணி) நிக்கும், நிக்கவும் வேணும். 10 மீட்டர் தண்ணிக்கு 1 கிலோ. உங்க 3.5 மீட்டருக்கு 0.35 கிலோ. டியூப் எத்தனை மீட்டர் வளைஞ்சு போகுதுங்கிறது கணக்கில்லை, டேப்பிங் மட்டத்துல இருந்து டயாபிரம் (பிரஷரை வாங்குற மெல்லிய தகடு) மையம் வரைக்கும் செங்குத்து உயரம் மட்டும்தான். ஹெட்டர்ல ஒண்ணுமே இல்லாதப்பவும் டயாபிரம் மேல இந்த 0.35 ஏறி உட்கார்ந்திருக்கும். பெஞ்சுல தண்ணி இல்லை, அதனால 4.00 வந்துச்சு. டிரான்ஸ்மிட்டர் பொய் சொல்லலை, தன் மேல உள்ளதைத்தான் சொல்லுது.

ரெண்டாவது தப்பு யூனிட். டிரான்ஸ்மிட்டருக்குள்ள 20 மில்லிஆம்ப் = 16 பார். பிஎல்சில 20 மில்லிஆம்ப் = 16 கிலோ. 1 கிலோ 0.98 பார்தான். அதனால பேனல் எப்பவும் 2 சதவீதம் குறைச்சுக் காட்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஹெட்டர்ல 8 கிலோ, தண்ணியோட 8.35 கிலோ, பார்ல 8.19. டிரான்ஸ்மிட்டர் அனுப்புறது 12.19 மில்லிஆம்ப், பிஎல்சி அதை 8.19 கிலோன்னு படிக்குது. பூஜ்யத்துல 0.35 × 0.98 = 0.34. நாலுல 4.35 × 0.98 = 4.27. மூணும் அப்படியே பொருந்துது.

இப்போ ஆபரேட்டர் சொன்ன மாதிரி 0.19 கழிச்சா 8-ல மட்டும் சரியா வரும். 10.5-ல 0.05 குறைவாக் காட்டும். அதைவிட மோசம், யாராவது பூஜ்யத்தை மட்டும் பார்த்து 0.34 கழிச்சா. அப்போ ஹெட்டர்ல 10 கிலோ இருக்கும்போது பேனல் 9.8-ன்னு காட்டும். பாய்லர்ல பிரஷரைக் குறைச்சுக் காட்டுறது ஆபத்தான பக்கம். இப்போ உங்க பேனல் கூட்டிக் காட்டுது, அதனால ஃபீடர் கொஞ்சம் சீக்கிரம் குறையுது, அவ்வளவுதான் நஷ்டம்.

உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா இது குழப்பமே இல்லை. முன்னால மெல்லிய எஸ்எஸ் 316 எல் டயாபிரம், அதுக்குப் பின்னால சிலிக்கான் ஆயில், ஆயிலுக்குள்ள ஒரு சிலிக்கான் சில்லு. சில்லுல நாலு ரெசிஸ்டர், வீட்ஸ்டோன் பிரிட்ஜ். பிரஷர் அமுக்கும்போது பிரிட்ஜ் சமநிலை குலைஞ்சு சில மில்லிவோல்ட் வரும். எலெக்ட்ரானிக்ஸ் அதை டிஜிட்டலாக்கி, வெப்பநிலைக்குத் திருத்தி, லூப்ல ஓடுற கரண்டைக் கட்டுப்படுத்துது. சில மாடல்ல பிரிட்ஜுக்குப் பதிலா கெப்பாசிட்டன்ஸ் செல் இருக்கும். கேஜ் டைப்னா டயாபிரத்தோட மறுபக்கம் வெளிக்காத்தைப் பார்க்கும். டூ ஒயர்ல தனி பவர் கிடையாது, தன் வேலைக்கான கரண்டையும் அந்த 4 மில்லிஆம்புக்குள்ளயே எடுத்துக்கிடும். ஒயர் அறுந்தா 0 வரும், பிரஷர் இல்லைன்னா 4 வரும், ரெண்டையும் பிரிச்சு அறியலாம்.

சரி பண்ண வழி: டிஸ்ப்ளே பட்டன்ல யூனிட்டைக் கிலோவுக்கு மாத்துங்க. லோயர் ரேஞ்ச் (4 மில்லிஆம்ப் வர்ற பிரஷர்) 0.35, அப்பர் ரேஞ்ச் (20 வர்ற பிரஷர்) 16.35. இதுக்குப் பேருதான் ரீ-ரேஞ்ச். பிஎல்சியைத் தொட வேண்டாம். அதுக்கப்புறம் டியூப்ல தண்ணி நிரம்பி ஹெட்டர் காலியா இருக்கும்போது 4.00 மில்லிஆம்ப் வரணும், கேஜ் 8-ல 12.00.

பேட்டை_கேஜ்

மேல உள்ள கணக்கு சரி. ஆனா கேஜை ஏன் எல்லாரும் தெய்வமா எடுத்துக்கிடுதீங்க? டயல்ல சின்ன எழுத்துல கிளாஸ் எழுதியிருக்கும். 0-16 கிலோ, கிளாஸ் 1.6-ன்னா முழு ரேஞ்சுல 1.6 சதவீதம், அதாவது 0.26 கிலோ எந்தப் பக்கமும் போகலாம். கிளாஸ் 1-னாலும் 0.16. நல்ல டிரான்ஸ்மிட்டர் இதைவிடப் பத்து மடங்கு துல்லியம். கம்பேரிட்டர் பம்ப்ல (ரெண்டுக்கும் ஒரே பிரஷர் கொடுக்கிற டெஸ்ட் பம்ப்) கேஜையும் டிரான்ஸ்மிட்டரையும் ஒரே லைன்ல மாட்டி 0, 4, 8, 12, 16 ஏத்தி, அதே புள்ளிகள்ல இறக்கியும் பாருங்க. ஏறும்போது ஒண்ணு, இறங்கும்போது ஒண்ணு காட்டினா கேஜோட பர்டன் குழாய் (முள்ளை நகர்த்துற வளைஞ்ச குழாய்) தளர்ந்துட்டுன்னு அர்த்தம்.

ரீ-ரேஞ்ச் பண்ணினதுக்கு அப்புறமும் 0.1 வித்தியாசம் இருந்தா டிரான்ஸ்மிட்டரை நோண்டாதீங்க. அது கேஜ்.

நெல்லை_டிரிம்

இதுக்கு ரீ-ரேஞ்ச் எல்லாம் தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற வேலை. யூனிட்டைக் கிலோவாக்கி 0-16 வைங்க. டியூப்ல தண்ணி நிரப்பி, ஹெட்டர் வென்ட்டைத் திறந்து, ஜீரோ டிரிம் (இப்போ உள்ளதையே பூஜ்யமா எடுத்துக்கிடச் சொல்லுதது) அடிங்க. தண்ணி உயரம் தானா கழிஞ்சிரும். அதுல இன்னொரு லாபம், டிரான்ஸ்மிட்டர் டிஸ்ப்ளே, பேனல், மேல உள்ள கேஜ் மூணும் ஒரே எண்ணைக் காட்டும். ரீ-ரேஞ்ச் பண்ணினா பேனல் 8.00 காட்டும், கீழ டிஸ்ப்ளே 8.35 காட்டும். ராத்திரி ஷிஃப்ட் ஆபரேட்டர் அதைப் பார்த்துட்டு போன் மேல போன் போடுவாரு.

லூப்செக்_கங்கைகொண்டான்

அண்ணாச்சி சொல்லுததுல நியாயம் இருக்கு. 0.35-ங்கிறது 16-ல ரெண்டு சதவீதம் சொச்சம், பெரும்பாலான மாடல் அந்த அளவுக்கு ஜீரோ டிரிம்மை ஏத்துக்கிடும். வேலை செய்யும். ஆனா நான் செய்யமாட்டேன்.

ஜீரோ டிரிம்ங்கிறது சென்சாரோட பூஜ்யத்தைத் திருத்துறதுக்கு. அதை வச்சு தண்ணி உயரத்தைக் கழிச்சா, அந்த 0.35 எங்கயும் எழுதப்படாம உள்ளே ஒளிஞ்சிக்கிடும். அடுத்த வருஷம் இன்னொருத்தர் கேலிபிரேஷனுக்குக் கழற்றி பெஞ்சுல வைப்பாரு, மைனஸ் 0.35 காட்டும், "அடடா டிரிஃப்ட் ஆயிட்டு"ன்னு டிரிம் அடிச்சுத் திரும்ப மாட்டுவாரு. பழையபடி 0.35 கூடும். ரீ-ரேஞ்ச்னா எண்ணு மெனுவுலயே இருக்கு, டேக்லயும் எழுதலாம். டிரிம் அடிக்கிற நேரத்துல டியூப்ல அரை மீட்டர் காத்து அடைபட்டிருந்தா தப்பான ஜீரோ நிரந்தரமா உட்கார்ந்திரும், இதையும் மறக்காதீங்க.

டிஸ்ப்ளே குழப்பத்துக்கு வழி இருக்கு. டிஸ்ப்ளேயைச் சதவீதத்துக்கு மாத்தலாம். சில மாடல்ல ஸ்கேல்டு வேரியபிள்னு ஒண்ணு உண்டு, அதுல 4 மில்லிஆம்புக்கு 0-ன்னு கொடுத்தா பேனல் மாதிரியே காட்டும்.

எப்படிச் செஞ்சாலும் சரி, ரெண்டையும் சேர்த்துச் செய்யாதீங்க. டிரிம்மும் அடிச்சு ரேஞ்சும் மாத்தினா 0.35 ரெண்டு தடவை கழியும், பேனல் குறைச்சுக் காட்டும்.

அம்பை_ஸ்டீம்

கணக்கு கண்ணாடி மாதிரி விளங்கிட்டு, ரொம்ப நன்றி. யூனிட் மாத்தியாச்சு. லோயர் 0.35 ஏத்துக்கிட்டு. அப்பர் 16.35 கொடுத்தா எரர் காட்டித் திரும்பவும் பழைய எண்ணுக்கே வருது. பட்டன்ல ஏதும் லாக் இருக்குமா?

லூப்செக்_கங்கைகொண்டான்

லாக் இல்லை, அது என் கவனக்குறைவான யோசனை. சென்சார் 16 பார், கிலோவுல 16.32. அதுக்கு மேல அப்பர் ரேஞ்ச் வைக்கப் பல மாடல் விடாது. நேம்பிளேட்ல யுஆர்எல்னு (அப்பர் ரேஞ்ச் லிமிட்) இருக்கிற எண்ணுதான் எல்லை.

பாய்லர் 10.54-க்கு மேல போகப்போறதில்லை, சேஃப்டி வால்வு தூக்கிரும். அதனால 0-15 போதும். டிரான்ஸ்மிட்டர்ல 0.35-லிருந்து 15.35 வரைக்கும் வைங்க, பிஎல்சி ஸ்கேலை 0-15 ஆக்குங்க. சீமென்ஸ் கார்டா இருந்தா 27648-க்கு (20 மில்லிஆம்புக்கு கார்டு கொடுக்கிற எண்) நேரா உள்ள 16-ஐ 15 ஆக்கினா போதும். ஸ்கிரீன்ல பார் கிராஃப், டிரெண்ட் ரேஞ்ச், அலாரம் எல்லாம் தனியா டைப் பண்ணியிருப்பாவ, அதையும் பார்த்துக்கிடுங்க. பிஐடி (ஃபீடர் வேகத்தைத் தானா மாத்துற கன்ட்ரோல்) சதவீதத்துல ஓடினா கெய்ன் 6-7 சதவீதம் கூடின மாதிரி இருக்கும், உமி ஃபீடருக்கு அது தெரியவே தெரியாது.

இனி வரவேண்டிய எண்கள்: கேஜ் 0-ல 4.00 மில்லிஆம்ப், 4-ல 8.27, 8-ல 12.53, 10-ல 14.67. டியூப்ல தண்ணியே இல்லாம காலியா இருந்தா 3.8-ல போய் நின்னுரும், பேனல் மைனஸ் 0.19 காட்டும். அதைப் பார்த்தா டிரான்ஸ்மிட்டரைச் சந்தேகப்படாதீங்க, தண்ணியை நிரப்புங்க.

மெனுவுல இருக்கும்போது இன்னும் ரெண்டு பாருங்க. டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் லீனியர்னு இருக்கணும். ஸ்கொயர் ரூட் டிபி ஃப்ளோவுக்கு (பிரஷர் வித்தியாசத்தை வச்சு ஓட்டத்தை அளக்கிறது) உள்ளது, தெரியாம அதை வச்சா 8 கிலோ 11-ன்னு நிக்கும். அப்புறம் ஃபால்ட் கரண்ட் (கோளாறுன்னு சொல்ல டிரான்ஸ்மிட்டர் அனுப்புற கரண்ட்). நாமுர் என்ஈ 43-ங்கிற தொழில்துறைப் பரிந்துரைப்படி நல்ல ரீடிங் 3.8-லிருந்து 20.5 வரைக்கும், கோளாறுன்னா 3.6-க்குக் கீழ அல்லது 21-க்கு மேல. நீங்க மேல் பக்கம் வைங்க. கீழ வச்சா, சென்சார் போனதும் பிஎல்சி "பிரஷர் இல்லை"ன்னு நினைச்சு ஃபீடரை முழு வேகத்துல ஓட்டும். பிஎல்சி புரோகிராம்லயும் 3.6-க்குக் கீழ, 21-க்கு மேல ரெண்டுக்கும் ஃபீடர் நிக்கிற மாதிரி எழுதச் சொல்லுங்க. ஒயர் அறுந்தா 0-தானே வரும்.

பாளை_வயரிங்

0.1 ஆடுதுன்னு கேட்டதை எல்லாரும் விட்டுட்டாவ. டிரைவ் ஓடும்போது மட்டும் ஆடுதுன்னா அது ஸ்டீம் இல்லை, கேபிள்.

உறுதிப்படுத்த, டிரான்ஸ்மிட்டர் பக்கமே லூப்ல மல்டிமீட்டரை மில்லிஆம்ப்ல சீரிஸ்ல போட்டுப் பாருங்க. அதுக்கு முன்னால ஃபீடர் பிஐடியை மேனுவல்ல போடுங்க. லூப்பைப் பிரிச்ச நொடி பிஎல்சிக்கு 0 போகும், உமி கொட்ட ஆரம்பிச்சிரும். டெஸ்ட் டெர்மினல் உள்ள மாடல்னா பிரிக்கவே வேண்டாம், அதுல மீட்டர் வச்சா போதும். மீட்டர்ல கரண்ட் ஆடாம நின்னு பேனல் மட்டும் ஆடினா நாய்ஸ் வழியில ஏறுது.

பார்க்க வேண்டியது: ஷீல்டு உள்ள ட்விஸ்டட் பேர் கேபிள்தானா, இல்ல வீட்டு ஒயரா. ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்க, ஃபீல்டு பக்கம் வெட்டி டேப் சுத்தி விடுங்க. ரெண்டு பக்கமும் எர்த் பண்ணினா எர்த் லூப் ஆகி ஷீல்டே நாய்ஸைச் சுமந்து வரும். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போற கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே டிரேல ஓடக்கூடாது. ஒரு அடியாவது தள்ளி இருக்கணும், குறுக்கே போகவேண்டியிருந்தா நேர் குறுக்காப் போகணும். மில்லுல பெரும்பாலும் ரெண்டையும் ஒண்ணா டை போட்டுக் கட்டியிருப்பாவ, முதல்ல அங்க பாருங்க.

டேம்பிங்கை (ரீடிங் ஆட்டத்தைச் சமப்படுத்துற தாமதம்) 2 செகண்ட் வைக்கலாம், ஹெட்டருக்கு அது தாராளம். ஆனா நாய்ஸை மறைக்க 10, 15-ன்னு ஏத்தாதீங்க. ஸ்டீம் சட்டுனு விழும்போது ஃபீடர் லேட்டா முழிக்கும்.

லூப் வோல்டேஜ் உங்களுக்குப் பிரச்சினை வராது. பல மாடலுக்கு டெர்மினல்ல குறைஞ்சது 10.5 வோல்ட் வேணும். 24-லிருந்து கழிச்சா 13.5, அதை 23 மில்லிஆம்பால வகுத்தா 587 ஓம் வரைக்கும் லூப்ல தாங்கும். 1.5 ஸ்கொயர் கேபிள் 200 மீட்டர் போய்வர 5 ஓம்தான். பின்னால ஹார்ட் கம்யூனிகேட்டர் வாங்கினா அது கனெக்ட் ஆகலைன்னு பதறாதீங்க, பல பிஎல்சி கார்டோட உள் ரெசிஸ்டன்ஸ் ஹார்ட்டுக்குப் போதாது. லூப்ல 250 ஓம் ஒண்ணு சீரிஸ்ல போட்டு, டிரான்ஸ்மிட்டர் டெர்மினல்ல கிளிப்பை மாட்டுங்க.

கேபிள் என்ட்ரி ரெண்டு இருக்கும். பயன்படுத்தாத ஓட்டையில வர்ற பிளாஸ்டிக் மூடி லாரியில வர்றதுக்கு மட்டும். அதைக் கழற்றி மெட்டல் பிளக் போடுங்க. கேபிள் கிளாண்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னால கீழ தொங்கி ஒரு வளைவு இருக்கணும். ஐப்பசி, கார்த்திகை மழையில கேபிள் வழியா தண்ணி உள்ளே போய் டெர்மினல் பச்சை பூத்துத்தான் பாதி டிரான்ஸ்மிட்டர் சாகுது. மேற்கு மலைப் பக்கம் இடி வேற. கேபிள் ஷெட்டுக்கு வெளியே ஓடினா பேனல்ல ஒண்ணு, ஃபீல்டுல ஒண்ணு சர்ஜ் புரொடெக்டர் போடுறது பேராசை இல்லை.

சைபன்_ஸ்டீம்

லைனைப் பத்தி ஒரு வார்த்தை. ஐசொலேஷன் வால்வைத் திறக்கிறதுக்கு முன்னால சைபனும் டியூபும் தண்ணியால நிரம்பியிருக்கணும். மேல ஒரு டீ போட்டு பிளக் வச்சிருந்தா அதன் வழியா ஊத்திரலாம். காலி டியூப்ல வால்வைத் திறந்தா 8 கிலோ ஸ்டீம், சுமார் 175 டிகிரி, நேரா டயாபிரத்துல அடிக்கும். சிலிக்கான் ஆயில் நிரப்பின சாதாரண மாடல் 100-120 டிகிரியைச் சுத்தித்தான் தாங்கும், எலெக்ட்ரானிக்ஸ் 85. நேம்பிளேட்டைப் பாருங்க. உடனே சாகாது, ஜீரோ நகர ஆரம்பிக்கும்.

புளோடவுன் (டியூபைத் திறந்து ஊதிக் கழுவுறது) பண்ணினாலும் இதே கதைதான். டிரான்ஸ்மிட்டர் வால்வை மூடிட்டுத்தான் ட்ரெயினைத் திறக்கணும். ட்ரெயினை மூடின பிறகு டியூப் ஆறித் தண்ணி தேங்குற வரைக்கும் பொறுக்கணும், இல்லைன்னா கையால நிரப்பணும். டியூப் கையால தொட்டா சூடு தெரியாத அளவுக்கு ஆறினதும் டிரான்ஸ்மிட்டர் வால்வைத் திறங்க. டியூப் படுத்து ஓடுற இடத்துல மீட்டருக்கு 8 சென்டிமீட்டர் சரிவு டிரான்ஸ்மிட்டரைப் பார்த்து இறங்கணும். நடுவுல மேடு விட்டா அங்க காத்து அடைபட்டு, தண்ணி உயரக் கணக்கு பொய்யாகிரும்.

அரை இஞ்ச் என்பிடில பிஎஸ்பி ஃபிட்டிங்கை முறுக்காதீங்க. ரெண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரை, அதனால ரெண்டு மூணு சுத்து ஏறிரும். ஆனா மரைக்கோணம் 60-ம் 55-ம், டெஃப்லான் எவ்வளவு சுத்தினாலும் ஸ்டீம்ல கசியும். கசிவு சின்னதா இருந்தாலும் தண்ணி மட்டம் நிலையா நிக்காது. டெஃப்லானை முதல் மரையை விட்டுட்டுச் சுத்துங்க, இல்லைன்னா துணுக்கு உள்ளே போய் ஓட்டையை அடைக்கும்.

ரைஸ் மில்லுங்கிறதால ஒண்ணு: கேஜ் டைப் டிரான்ஸ்மிட்டர்ல வெளிக்காத்து வாங்குற சின்ன வென்ட் ஓட்டை ஒண்ணு இருக்கும். உமித்தூசி அதை அடைச்சா உள்ளே காத்து சிறைபட்டு, வெயில் ஏற ஏற ஜீரோ நகரும். பிரஷ்ஷால தட்டுங்க, ஏர் கன் வச்சு ஊதாதீங்க. வென்ட் கீழே பார்க்கிற மாதிரித் திருப்பி மாட்டணும்.

அம்பை_ஸ்டீம்

கேபிள் டிரைவ் கேபிளோட சேர்த்துக் கட்டித்தான் இருந்துச்சு, பிரிச்சாச்சு. ஒரே ஒரு சந்தேகம். சப்ளையர் ஸ்னப்பர் (பிரஷர் துடிப்பைக் குறைக்கிற நுண்துளை ஃபிட்டிங்) ஒண்ணு வாங்கி மாட்டச் சொல்லுதாரு. ஹெட்டருக்கு வேணுமா?

சைபன்_ஸ்டீம்

வேண்டாம். ஹெட்டர்ல பிரஷர் மெதுவாத்தான் மாறும், இடையில நிக்கிற தண்ணியே போதும். ஸ்னப்பரோட நுண்துளையில துருவும் உப்பும் அடைச்சுக்கிட்டா ரீடிங் ஒரே இடத்துல உறைஞ்சு நிக்கும், 4 மில்லிஆம்புக்கும் போகாது, அலாரமும் வராது. அந்தக் காசுக்கு ஃபீட் பம்ப் டிஸ்சார்ஜ்ல உள்ள கேஜுக்கு ஒண்ணு போடுங்க. பிளஞ்சர் பம்ப்னா அங்கதான் முள்ளு துடிச்சுத் துடிச்சு தேயுது.